தப்பு என்று எழுதிய தண்டு

நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்கினால் எனக்குப் பிடிக்காது. சும்மா பிடிக்காது இல்லைங்க, சிக்னலில் பக்கத்து வண்டி குலுங்கினால்கூட இறங்கிப் போய் பானெட்டைத் திறக்கணும் போலக் கை அரிக்கும். நாமக்கல்லில் லாரி இன்ஜின் பார்த்த கை இது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் அந்த அரிப்பு போகவில்லை.

எங்கள் கராஜில் பழைய அமெரிக்க வண்டிகள்தான் வேலை. மஸில் கார் என்கிறார்களே, அது. கட்டில் நீளத்துக்கு பானெட், உள்ளே எட்டு சிலிண்டர். ஊரில் அந்த இன்ஜின் கிடைத்தால் செங்கல் லோடு அடிப்பார்கள், இங்கே இரண்டு பேர் உட்கார்ந்து டீ குடிக்கப் போகிறார்கள். முதல் வருஷம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் நானே பைத்தியமாகிவிட்டேன். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, காதும் விரலும் இருந்தால் போதும்.

போன வருஷம் வெயில் ஆரம்பிக்கிற நேரம், கருநீல வண்டி ஒன்று வந்தது. ஓனர் ஐம்பது தாண்டிய அரபி. நல்ல மனுஷன், எங்களோடு இந்தியில்தான் பேசுவார். இங்கே முதலாளி, வண்டிக்காரர் எல்லாருமே எங்களுக்கு அர்பாப்தான். முன்பக்கம் ஆயில் ஒழுகுது, செயின் சத்தம் போடுது, இரண்டையும் பாரு என்றார். மூன்றாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

வண்டி நின்றபடியே அப்படிக் குலுங்கியது. குடு குடு... குடு. குடு குடு... குடு. செயினை மாற்றப் பிரித்தபோது, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டையும் உருவி அளந்தேன். புத்தகத்தில் ஓர் அளவு, தண்டில் ஓர் அளவு. டிக்கியைத் துழாவினால் கிரீஸ் பூசித் துணி சுற்றி இன்னொரு தண்டு. அது அச்சு அசலாகப் புத்தக அளவு. எவனோ அரைவேக்காடு தப்பானதை மாட்டிவிட்டு ஒரிஜினலை டிக்கியில் போட்டிருக்கிறான் என்று அவன் பரம்பரையையே திட்டினேன். கழற்றிய தண்டில் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் கொட்டை எழுத்தில் ‘தப்பு’ என்று தமிழில் எழுதி, ஸ்கிராப் டிரம்மில் போட்டேன். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே, அந்த அக்கறைதான்.

ஃபோர்மேன் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். அவர் கீழக்கரைக்காரர், நாங்கள் பாய் என்போம். அந்த வாரம் பார்த்து லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

டிக்கித் தண்டைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். அடடா, என்ன அமைதி. விளிம்புவரை சுலைமானி டீ ஊற்றிய கிளாஸை இன்ஜின் மேலேயே வைத்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை வீடியோ எடுத்து ரூமில் எல்லாருக்கும் அனுப்பினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அர்பாப்பின் டிரைவர் வந்து வண்டியை எடுத்துப் போனார்.

இரண்டு நாள் கழித்து அர்பாப்பே ஓட்டி வந்தார். அன்றைக்குத்தான் பாயும் லீவு முடிந்து வந்திருந்தார். பாராட்டப் போகிறார் என்று நான் கையெல்லாம் துடைத்துக்கொண்டு நின்றேன். அர்பாப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் எங்கே போச்சு என்றார். கோபமாகக்கூட இல்லை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வண்டி அவருடைய அப்பாவுடையது. வேகத்துக்காக அந்தக் காலத்திலேயே அமெரிக்காவிலிருந்து அந்தத் தண்டைத் தருவித்து மாட்டச் சொன்னவரும் அந்த அப்பாதான். அந்தத் தண்டு போட்டால் நிற்கும்போது குலுங்கத்தான் செய்யும். இப்போது அவருக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய்விட்டது, நினைவும் முன்னே பின்னே. பேச்சை வைத்து ஆள் பிடிபடுவதில்லை. சாயங்காலம் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார். மகன் வந்திருக்கிறான் என்பதற்கு இந்த வண்டியின் சத்தம் ஒன்றுதான் அவருக்கு அடையாளம்.

“நேத்து நான் போய்ப் பக்கத்துல நின்னேன். யாரோ விருந்தாளி வந்திருக்கார், காவா காப்பி கொண்டு வாங்கன்னு சொல்றார்” என்றார் அர்பாப்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்டாப்பா, தண்டை அளக்கத் தெரிஞ்ச உனக்கு ஆளைக் கேக்கத் தெரியலியா?” என்றார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

டிரம்மைப் போய்ப் பார்த்தால் காலி. முதல்நாள்தான் ஸ்கிராப் வண்டி வந்து போயிருந்தது. புதிதாக ஒன்று வரவழைக்கலாம் என்று பாய் சொல்லிப் பார்த்தார். வேறு தண்டு வேறு சத்தம் போடும், எனக்கு அப்பா போட்டதுதான் வேண்டும் என்றார் அர்பாப். அவர் சொல்வது எனக்கும் புரிந்தது. மூன்று பேரும் அவருடைய ஜீப்பில் ஏறி ஸ்கிராப் யார்டுக்குப் போனோம்.

யார்டுக்காரப் பட்டான் ஒரு மலையைக் கை காட்டினார். மலை என்றால் மலையேதான், எல்லாம் இரும்பு. வெள்ளைக் கந்தூரா அங்கியை மடித்துப் பிடித்துக்கொண்டு அர்பாப்பும் ஏறிவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அடையாளம் என்ன என்றார். தமிழில் எழுதியிருக்கும் என்றேன். என்ன எழுதியிருக்கிறாய் என்றார். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல், “கலத்” என்றேன். இந்தியிலும் தப்புக்கு ‘கலத்’தான், அரபியிலும் ‘கலத்’தான், தப்பிக்க வழியே இல்லை.

அர்பாப் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்க, இரும்பு மேல் உட்கார்ந்துவிட்டார். எங்கப்பா பெருமையா மாட்டினதுக்கு நீ மார்க் போட்டியா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எப்படி இருக்கும் அந்த எழுத்து என்று கேட்டு, தன் உள்ளங்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன். கையைப் பார்ப்பதும் இரும்பைப் புரட்டுவதுமாக மதியம் வரை தேடினோம். கடைசியில் கண்டுபிடித்ததும் அவர்தான். தண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, “கலத்! கலத்!” என்று கத்தினார். அந்தச் சந்தோஷத்தில் நானும் பாயும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். கந்தூரா முழுக்கத் துரு.

தண்டில் கீறல் இல்லை, வளைவு இல்லை. அதோடு உரசித் தேய்ந்த, வால்வைத் தள்ளுகிற பழைய டேப்பெட்டுகள் பதினாறையும் வழக்கப்படி நம்பர் போட்டு முட்டை அட்டையில் வைத்திருந்தேன், என் புத்தி அன்றைக்கு அந்த மட்டிலாவது வேலை செய்திருக்கிறது. எது எங்கே இருந்ததோ அது அங்கேயே போயிற்று. பாய் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு நம்பரையும் சரிபார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்பாப் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் அப்பா வீட்டுத் தெருவில் திரும்பினோம். கேட் மூடியிருந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு வயசான குரல் அரபியில் சத்தம் போட்டது. கேட்டைத் திறங்க, என் மகன் வந்துட்டான். அந்த அளவு அரபி எனக்குத் தெரியும்.

கேட் திறந்தபோது பெரியவர் எழுந்து தூணைப் பிடித்து நின்றிருந்தார். வேலைக்காரர் கை கொடுக்க வந்தார், தள்ளிவிட்டார். சத்தம் வந்த பக்கம் தானே நடந்து வந்து, பானெட் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் மகன் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, “எங்கேடா போயிருந்தே இத்தனை நாளா?” என்று அதட்டினார்.

உண்மையில் அந்த வாரம் முழுக்க அர்பாப் அந்த வீட்டில்தான் இருந்தார். மூன்று வேளையும் பெரியவருக்கு ஊட்டிவிட்டதும் அவரேதான்.

“இப்பத்தான்ப்பா வர்றேன்” என்றார் அர்பாப்.