சேனை வைக்க விடாத தாய்

என் மகள் ஜெசி பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாயில் நுரை. துடைத்தேன், மறுபடியும் நுரை. "எல்லாப் பிள்ளைக்கும் எச்சி வடியும்மா" என்றார் நர்ஸ். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அன்பான சபையாரே, நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாபநாசம் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் மெஷினையே அப்பா நம்ப மாட்டார். நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு வாதாடுவார். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் சேனை வைக்க என் கணவரின் அக்காவை அழைத்து வந்திருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீரை முதன்முதலில் யார் நாக்கில் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள் எங்கள் பக்கம். அண்ணி பொறுமைக்குப் பேர்போனவர். "இவ புத்தி பிள்ளைக்கு வந்துடக் கூடாதுக்கா, நீயே வை" என்று கணவர் சிரித்தார்.

அண்ணி கிட்டே வந்ததும் பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. டாக்டர் பார்க்காம ஒரு சொட்டு வைக்க வேணாம்."

"நான் என்ன விஷமா கொண்டாந்திருக்கேன்?" என்றார். அறையே என்னை முறைத்தது. கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இதில் மறைந்திருப்பது எதுவானாலும் எனக்குக் காட்டும்" என்று ஜெபித்தேன்.

காட்டினார். டாக்டர் வந்து பிள்ளையின் வாய் வழியாகச் சிறு குழாய் விட்டார். இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் அது பாதியிலேயே சுருண்டு நின்றது. உணவுக்குழாய் வயிறு வரை போகவே இல்லை. சேனை வைத்திருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றார்.

உடனே தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். அங்கே, மலம் போகும் வழியும் மூடியிருக்கிறது என்றார்கள். பிறகு இதயத்தில் ஓட்டை. பிறகு ஒரு சிறுநீரகம் இல்லை. என் சந்தேகம் ஆஸ்பத்திரி மேல் திரும்பியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார்களே, வேண்டுமென்றே ஜோடிக்கிறார்களா? படத்தையெல்லாம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "எங்க, காட்டுங்க" என்று கேட்டேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லாமல் இழுத்தடித்தேன். சொந்தக்காரர்களுக்கோ என் மேல் சந்தேகம். "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியா?" என்று குடைந்தார்கள்.

"போதும் ஆண்டவரே, இனிமேல் காட்டாதீர்" என்று கதறினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஜெபத்துக்கு அவர் செவிகொடுக்கவில்லை.

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இதெல்லாம் கூட்டா வர்ற குறைங்கம்மா. உங்களால வரலை. ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியா தெரியாது. ஆனா ஒண்ணைப் பார்த்துட்டா மத்தது இருக்கான்னு சந்தேகப்பட்டே ஆகணும். முதுகெலும்பையும் பார்த்துட்டுத்தான் நான் கத்தியை எடுப்பேன்."

சந்தேகப்பட்டே ஆகணும்! ஆண்டவரே பேசியது போல இருந்தது எனக்கு. என்னைவிடப் பெரிய சந்தேகக்காரியின் கையில் அல்லவா என் பிள்ளையைச் சேர்த்திருக்கிறார்! அப்போதுதான் அழுகை வந்தது. "பண்ணுங்க டாக்டர்" என்றேன்.

ஒரு ஆபரேஷனோடு முடியவில்லை. வாரக்கணக்கில் குழாய் வழியாகத்தான் பால். நீங்கள் எல்லோரும் உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். ஒருநாள், இனி வாயில் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. நான் அண்ணியை வரவழைத்தேன். என் பாலைப் பாலாடையில் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். "இப்பக் குடுங்க அண்ணி."

அவர் பாலாடையை வாங்கிப் பிடித்தபடியே நின்றார். "டாக்டரைக் கேட்டியா?" என்றார். "கேட்டுட்டேன்." "என் எதிர்ல இன்னொரு தடவை கேளு." கேட்டேன். அதன் பிறகே ஒரு சொட்டு வைத்தார். ஜெசி விழுங்கினாள். அண்ணியும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

சந்தேகம் வந்தால் ஆண்டவர் கோபிப்பாரோ என்று பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அவரிடமே கேளுங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். முன்பெல்லாம் சந்தேகத்தை மனசுக்குள் வைத்துப் புழுங்குவேன். இப்போது அதை முழங்காலில் நின்று அவர் முன்னால் கொட்டிவிடுகிறேன். அவருக்கு ஸ்தோத்திரம். அதோ முன்வரிசையில், பிஸ்கெட்டை மோந்து பார்த்துவிட்டுத் தின்கிறாளே, அவள்தான் எனக்குக் கிடைத்த பதில்.