இசக்கிசெல்வி கிரில்லில் ஒட்டிய பொட்டு

ஐந்து. இந்த எண்ணை மறக்காதீர்கள். மலையாளம் புழங்கும் ஆரியசாலையில் ஒரு வாடகை வீட்டில், இசக்கிசெல்வியின் கரண்ட் கிரில்லில் ஒட்டியிருந்த கல் பொட்டுகள் ஐந்து. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் மூன்று. மூடியைத் தூக்கும் கைப்பிடியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. விரலில் அந்தக் கல் தட்டினால் நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் கொதிக்கிற தகடு.

இசக்கிசெல்விக்குப் பார்வை இல்லை. கண்ணழுத்த நோய் தின்றுவிட்டது. பரிதாபப்பட வேண்டாம், பரிதாபம் யாருக்கும் மீன் பொரித்துக் கொடுத்ததில்லை. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்த கணவன் வன்னியபெருமாள் செத்ததும் மகன் வினீத் கேஸ் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனான். பதிலுக்கு இந்த மிஷினை வாங்கி வைத்தான். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு. மூடினால் இரண்டு பக்கமும் வெந்துவிடும், புரட்டுகிற வேலை இல்லை. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான்.

"ஒரு தடவை கை சுட்டா மதி, அது போதும். பின்னே கழக்கூட்டத்துல என் ஃபிளாட்டுதான்."

அந்த ஃபிளாட்டில் தொட்டால் எரிகிற கண்ணாடி அடுப்பு. தடவிப் பார்க்க அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே இசக்கிசெல்விக்கு ஒரு கட்டில் உண்டு, ஒரு தட்டு உண்டு. அடுக்களை கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

சூட்டில் பசை இளகும் என்பதால் பொட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். தெருமுனை ஃபேன்சி கடைக்காரி பிந்து முதல் தடவை கேட்டாள்: "பொட்டு ஆருக்கு, அக்கா?"

"என் அடுப்புக்கு. அது இன்னும் சுமங்கலி."

பிந்து சிரித்தாள். வன்னியபெருமாளின் தங்கை மாடம்மாளால் அப்படிச் சிரிக்க முடியாது. அண்ணனின் வருஷத் திதிக்குப் பூதப்பாண்டியிலிருந்து வந்தவள் ஞாயிற்றுக்கிழமைவரை தங்கினாள். அன்றைக்கு மத்தியானம் வினீத் சாப்பிட வருகிறான். இசக்கிசெல்வி குளிக்கப் போன நேரத்தில் மாடம்மாள் அடுக்களையைத் துடைத்தாள். மிஷினில் சிவப்புப் பொட்டுகள் பளபளத்தன. தாலி அறுத்த வீட்டில் இது என்ன கூத்து? நகத்தால் ஒவ்வொன்றாய்ச் சுரண்டி எடுத்தாள். அலமாரியில் இருந்த பொட்டுப் பாக்கெட்டையும் குப்பையில் போட்டாள். அண்ணன் பெண்டாட்டி, மைனியின் மனம் நோகக் கூடாது என்று வாயைத் திறக்கவில்லை.

வினீத் வந்து உட்கார்ந்தான். இசக்கிசெல்வி மசாலா தடவிய நெய்மீன் துண்டுகளைத் தகட்டில் அடுக்கி, திருகைத் தொட்டாள். மொழுமொழுவென்று இருந்தது. பசை விட்டிருக்கும் என்று நினைத்தாள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் மகன் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் தோற்றதாகிவிடும். குத்துமதிப்பாகத் திருகிவிட்டாள்.

மீன் சீறுகிற சத்தம் அடங்கியது. மூடியைத் தூக்கக் கை நீட்டினாள். கல் தட்டுகிற இடத்தில் நிற்பதற்குப் பழகிய விரல், கல்லைத் தேடிக்கொண்டே நகர்ந்தது. நகர்ந்து தகட்டில் போய் அழுந்தியது.

வினீத் ஓடிவந்து அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தான். மூன்று விரலில் தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது.

"ஞான் பறஞ்சதல்லே அம்மா? கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க!"

"பொட்டு எங்க?" என்றாள் இசக்கிசெல்வி.

"எந்து பொட்டு?"

மாடம்மாள் முன்னால் வந்தாள். "நான்தான் பிச்சுப் போட்டேன், மைனி. நாலு பேரு வந்து போற வீடு... அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

"குருடிக்கு என்னட்டீ அலங்காரம்? அதுதான் எனக்குக் கண்ணு. நோயி ஒரு தடவை நோண்டிச்சு, நீ ரெண்டாந்தடவையும் நோண்டிட்டியே!"

"அத்தை எடுத்தாங்க, சரி. நாளைக்கு வேற ஆராவது எடுப்பாங்க," என்றான் வினீத். பிளக்கைப் பிடுங்கினான். "ஒண்ணாம் தேதி வண்டி கொண்டுவருவேன். இனி இதுல பேச்சே இல்ல."

சாப்பிடாமலே போனான். பயந்துதான் போனான், பாசம் இல்லாமல் அல்ல. ஆனால் பாசக்காரன் பூட்டினாலும் பூட்டு பூட்டுதான்.

மாடம்மாள் மூலையில் உட்கார்ந்து அழுதாள். "வண்டி வந்தா என்ன செய்வீங்க மைனி?"

"வரட்டும். ஏறணும்னா நான்தானே ஏறணும்? அழுகைய நிறுத்திட்டு அந்தப் பாக்கெட்ட எடு."

குப்பையிலிருந்து பாக்கெட் வந்தது. வலதுகை ஈரத்துணிக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஆறிப்போன மிஷினை இடதுகையால் தடவித் தடவி, திருகில் மூன்றும் கைப்பிடியில் இரண்டுமாகத் திரும்ப ஒட்டினாள். இன்னொரு பொட்டையும் உரித்தாள். அதைத் தன் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"ஐயோ மைனி, ஊரு என்ன சொல்லும்?"

"இனி என் பொட்டுல கை வைக்கிறவ, முதல்ல இத எடுத்துட்டு அடுப்புக்குப் போகட்டும்."

மாடம்மாள் கை நீட்டவில்லை.

ஆறு.