செல்வி அக்கா தெருவில் ஜீப் மாட்டிய கதை

பசங்களா, திட்டக் குழும ஆபீஸில் டிரைவராகச் சேர்ந்த முதல் வாரமே ஆபீஸ் ஜீப்பை ஒரு தெருவில் செருகிவிட்டேன். முன்னாலேயும் போகவில்லை, பின்னாலேயும் வரவில்லை. "உங்க ஆபீஸுக்கு இன்னா பவர்ப்பா கீது?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வருகிறது.

ஒரகடம் பக்கம் மெஸ் நடத்தும் செல்வி அக்கா, கம்பெனிப் பையன்கள் தங்குவதற்கு மெஸ்ஸுக்கு மேலே இரண்டு மாடி கட்ட அனுமதி கேட்டு எங்கள் ஆபீஸில் பிளான் கொடுத்திருந்தார். ரூம் இல்லாவிட்டால் பையன்கள் வேறு மெஸ் பக்கம் போய்விடுவார்கள் என்பது அவர் கவலை. இடத்தைப் பார்க்க எங்கள் பிளானிங் ஆபீஸர் மேடம் கிளம்பினார்.

பேப்பரில் மெஸ் இருந்த தெரு அகலமான தெரு. ஆனால் ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போனதால், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க எல்லோரும் வாசல்படியை உயர்த்தி, பைக் ஏற்றச் சரிவும் கட்டி, ரோட்டுக்குள் நீட்டியிருந்தார்கள். செல்வி அக்காவின் சரிவுக்கும் எதிர்வீட்டு வின்சென்ட்டின் படிக்கும் நடுவில் ஜீப் சிக்கிக்கொண்டது.

தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள்.

"ரைட்ல ஒடிண்ணா, ஃபுல்லா ஒடி!"

"யோவ், லெஃப்ட்டுயா! லைசென்ஸ எங்க வாங்குன, மெஸ்ல டோக்கன் குடுத்தா?"

மேடத்தால் கதவைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகவே டேப்பை நீட்டினார். மறுமுனையை வின்சென்ட்தான் பிடித்தார்.

"செல்வியம்மா, இந்த அகலத்துக்கு ரெண்டு மாடி குடுக்க முடியாது. தீப்பிடிச்சா ஃபயர் வண்டி எப்படி வரும்? என் ஜீப்பே வரல."

"நீங்க பெரிய ஆபீஸரு மேடம். வின்சென்ட்டு படிய இடிக்கச் சொல்லுங்க, இப்பவே இடிச்சிடுவான்."

"ஏன், உன் சரிவு இன்னா மேம்பாலமா? மொதல்ல அத்த இடி!" என்றார் வின்சென்ட்.

மேடம் சிரித்துவிட்டார். "ரோட்ல நீட்டியிருக்கிறத எடுக்கிறது பஞ்சாயத்து வேலைங்க. ரோடு போடுறதும் அவங்கதான். எங்க வீடு வரலாம், எங்க கம்பெனி வரலாம், எத்தன மாடி கட்டலாம்னு பாத்து சரின்னோ வேணாம்னோ சொல்றதுதான் எங்க வேலை. இப்ப வேணாம்னுதான் சொல்லணும்."

செல்வி அக்கா ஜீப்பை முறைத்துவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். ஜீப்பைத்தான் உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். நல்லவேளை, கடப்பாரை அவர் சரிவின்மேல்தான் இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷிப்ட் பையன்கள் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து உடைத்தார்கள். ஜீப் வெளியே வந்தது.

வின்சென்ட் தன் படியைப் பார்த்தார். தெரு மொத்தமும் அவரைப் பார்த்தது.

"இன்னாத்துக்குக் கண்ணாலயே இடிக்கிறீங்க? யக்கா, அந்தக் கடப்பாரைய இப்டி குடு."

மற்ற வீடுகளுக்குப் பஞ்சாயத்து ஆள் வந்து எதுவரை இடிக்க வேண்டும் என்று மார்க் போட்டார். சண்டை இல்லாமல் ஒரு படிகூட உள்ளே போகவில்லை. மேடம் மறுபடி வந்து அளந்தபோது, கிடைத்த அகலத்துக்கு அக்கா கேட்ட இரண்டு மாடியில் ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைத்தது. அதற்கே மெஸ்ஸில் அன்றைக்குக் கேசரி போட்டார்.

எங்கள் ஆபீஸ் 'வேணாம்' என்று சொன்னால் ஜனங்கள் திட்டுவார்கள். நானும் அந்தத் திட்டைக் கேட்டிருக்கிறேன். ஆனால் வேணாம் என்று ஒருவர் சொன்ன பிறகு, தன் வாசலை முதலில் உடைக்க இன்னொருவர் வேண்டும். அது நீங்களாக இருந்தால் தெரு ரெண்டு நாள் கிண்டல் பண்ணும். பண்ணட்டும். அப்புறம் ஆளாளுக்கு இரவல் வாங்கிப்போன கடப்பாரையைத் திருப்பி வாங்கத்தான் நாலு வீடு அலைய வேண்டியிருக்கும்.