புளி போட்டுத் துலக்கிய பேரிங்

சலவை இயந்திரத்தில் பேரிங் தேய்ந்தால் சத்தம் வரும், சீல் போனால் தண்ணீர் வரும், இரண்டும் சேர்ந்து போனால் வீட்டில் சண்டை வரும். அந்தச் சண்டை முற்றிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில், பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, தென்னூரில் ஆரோக்கியம் அண்ணன் நடத்திய பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதும், மிக்ஸி, ஃபேன் சரிசெய்வதும்தான் அங்கே அன்றாட வேலை. திருச்சியில் அப்போது சலவை இயந்திரம் வைத்திருந்த வீடுகள் அபூர்வம். இருந்தவையும், வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றி வந்த கிழட்டு இயந்திரங்கள். லால்குடிப் பக்கம் வாழை போடும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். ஊரில் எல்லோரிடமும் என்னை 'மெஷின் ஆபீசர்' என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் மொத்த ஊரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல் இருக்கும். அடுத்தவர் வீட்டு இயந்திரத்தைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, இதையெல்லாம் திரும்ப மாட்டத் தெரியுமா என்று நீங்களும் ஒரு தடவை வியர்த்திருந்தால், மேலே படியுங்கள். நாம் ஒரே கட்சி.

மன்னார்புரத்துக் குளியலறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நடந்ததல்ல. ஆரோக்கியம் அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது கடை வழக்கம். எந்தப் பாதியை என்பதுதான் யாருக்கும் தெரியாது.

மன்னார்புரத்தில் ஒரு வீடு. பேரிங் தேய்ந்துபோனால் உள்ளே இருக்கும் டிரம் ஒரு பக்கமாக ஆடும். அது ஆட ஆட, இயந்திரமே இடத்தை விட்டு நகரும். அன்றைக்கு அது கூடத்தின் மூலையிலிருந்து கிளம்பி, பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவின்மேல் சாய்ந்து நின்றுவிட்டதாம். உள்ளே வீட்டுக்காரர். வெளியே மூன்று ஆள் தூக்க வேண்டிய இரும்பு. அந்த வீட்டு அம்மா ஆளனுப்பி, அண்ணன் சைக்கிளில் பறந்து போய், தோளைக் கொடுத்து நகர்த்தப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா தடுத்துவிட்டாராம்: "அவருக்கு உள்ளே தண்ணியும் சோப்பும் இருக்குங்க, அவசரமில்ல. முதல்ல மெஷினைத் திறந்து என் புதுப் புடவை கிழியாம இருக்கான்னு பாருங்க."

பாலத்தில் சரக்கு ரயில்

எனக்கென்று முழுதாகக் கிடைத்த முதல் வேலை ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில், வைதேகி மாமியின் வீட்டில். லண்டனில் இருந்த அவருடைய அண்ணா கொண்டுவந்து கொடுத்த பழைய இங்கிலீஷ் இயந்திரம் அது. மாமிக்கு முந்தின வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் துணியைப் பிழிகிற வலு மட்டும் திரும்பவில்லை. அவர் கணவர் ராகவாச்சாரியார் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். அந்த வீட்டில் துணி என்றால் மடி. குளித்துவிட்டுத் துவைத்து, யார் கையும் படாத உயரத்தில் கொடியில் உலர்த்தியதைத்தான் உடுத்துவார்கள். ஆகவே மாமி ஓர் உடன்படிக்கை செய்திருந்தார். துவைப்பதும் பிழிவதும் இயந்திரம். கடைசி அலசல் மட்டும் அண்டாவில், காவிரித் தண்ணீரில், மாமியின் கையால். ஆச்சாரியார் அரைமனதோடு சம்மதித்திருந்தார்.

நான் போனபோது அந்த அரைமனதும் கால்மனதாகியிருந்தது. சுவிட்சைப் போட்டால் கொள்ளிடப் பாலத்தில் சரக்கு ரயில் போகிற சத்தம். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பின்பக்கம் ஒழுகிய தண்ணீர் தாழ்வாரத்தில் ஓடித் தளிகை உள்ளின் வாசல்படியைத் தொட்டதைத்தான் பொறுக்கவில்லை. துவைக்காத துணியின் தண்ணீர் சமையல் செய்கிற இடத்துக்குப் போவதாவது! இன்னொரு தடவை ஒழுகினால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. மாமி தூணோரம் நின்று, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அது இரும்புக்கடைக்குப் போச்சுன்னா நான் துவைக்கற கல்லுக்குப் போகணும். பாத்துப் பண்ணுங்கோ."

அங்குலக் கணக்கு

பிரித்துப் பார்த்தேன். எப்போதும் நடக்கிற கதைதான். முதலில், தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் வளையமான சீல் இறுகிப்போய்த் தண்ணீரை விட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் பின்னாலிருக்கும் பேரிங்குக்குள் இறங்கி, குண்டுகளைத் துரு தின்றிருக்கிறது. சீலுக்குக் கவலையில்லை. லாரி சாமான் கடையில் ஏறக்குறைய அதே அளவில் ரப்பர் சீல் கிடைத்தது. பேரிங்தான் படுத்தியது. நம் ஊர்க் கடைகளில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, இது அங்குலக் கணக்கு. ஒன்று தளர்த்தியாக இருக்கும், இன்னொன்று உள்ளேயே போகாது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, ஒரு வளையத்துக்காகவா இப்படி அலைகிறாய் என்று கேட்டார். ஆபீசர்கள் அலைவார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

கடைசியில் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த காதர் பாயிடம் போனேன். அவர் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களுக்கு உயிர் கொடுக்கிறவர். பழைய பேரிங்கைக் கையில் வாங்கினார், அளந்தார், பரணில் ஏறினார். மெழுகுத்தாளில் சுற்றி, கிரீஸ் காயாமல், ஒரே ஒரு பேரிங் இறங்கி வந்தது. அச்சாக அதே அளவு. எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. அவரோ கொடுக்க மனமில்லாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரோட்டுல பறக்கப் பொறந்தது தம்பி இது. துணி துவைக்க விடுறீங்க. கோவிச்சுக்காம பார்த்துக்குங்க."

கிணற்றடியில் ஒரு திருமஞ்சனம்

மறுநாள் காலை பேரிங்கோடு ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தேன். துணியெல்லாம் கொடிக்கு ஏறும்வரை நான் தாழ்வாரத்துக்குள் கால் வைக்கக்கூடாது. பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் பார்த்தால், பேரிங்கை அதன் இடத்தில் அடித்து ஏற்றும் இரும்புக் குழாயைக் கடையிலேயே மறந்திருந்தேன். பஸ் பிடித்துத் தென்னூர் போய், ஆரோக்கியம் அண்ணனிடம் "என்ன டிகிரி, பேரிங்கைக் கையாலயே அழுத்தி ஏத்தலாம்னு போனியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால், கிணற்றடியில் ஒரு வாழையிலைத் துண்டின்மேல் என் பேரிங் வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது. மெழுகுத்தாளைக் காணோம். கிரீஸையும் காணோம். கடையிலிருந்து எது வந்தாலும் தண்ணீர் விட்டுத்தான் உள்ளே எடுப்பது அந்த வீட்டு வழக்கம்; கத்தரிக்காயானாலும் சரி, கரண்டியானாலும் சரி. இதிலே ஒரே பிசுக்காக இருந்ததால் மாமி புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் துலக்கி, மூன்று வாளித் தண்ணீர் விட்டு அலசியிருந்தார். வலிக்கிற கையால். எனக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

புதுப் பேரிங்கில் கைவியர்வைகூடப் படக்கூடாது என்பார்கள். புளியோ எஃகைத் தின்னும். சாம்பலோ பொடிமணல் மாதிரி. எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினேன், நறநறவென்றது. திருச்சி ஜில்லாவிலேயே இன்னொன்று கிடையாது. மண்ணெண்ணெய் கேட்டேன். மாமி ஸ்டவ்விலிருந்தே வடித்துக் கொடுத்தார். அலசினேன், ஊதினேன், மறுபடி அலசினேன். நறநறப்பு கரகரப்பாகி, கரகரப்பு மெல்லத் தேய்ந்து, கடைசியில் சத்தமே இல்லாமல் சுற்றியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துருப் பிடிக்க அதற்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. அப்புறம்தான், இதற்குத் தண்ணீர் ஆகாது மாமி என்று விளக்கினேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார்: "தண்ணியிலேயே வேலை பாக்கற சாமானுக்குத் தண்ணி ஆகாதா? இதென்ன கூத்து!"

பழைய சீல்

ஒன்றை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பிரித்த அன்றே பார்த்துவிட்டேன். பழைய சீல் ரப்பர் அல்ல, தோல். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் தோலில்தான் செய்திருக்கிறார்கள். ஆச்சாரியாரின் மடி வேஷ்டி துவைந்த தண்ணீரெல்லாம் இத்தனை நாளும் ஒரு மாட்டுத்தோல் வளையத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடையில் சொன்னேன். "கேட்டா ரப்பர்னு சொல்லு, டிகிரி. இப்பப் போடறது ரப்பர்தானே? பொய்யே இல்ல," என்றார் ஆரோக்கியம் அண்ணன். அந்தப் பதிலைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அது பொய் மாதிரியே கேட்டது.

சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்தேன். சுவிட்சைப் போட்டதும், ஓடுகிறதா என்று மாமி கிட்டே வந்து காதை வைத்துக் கேட்டார். அவ்வளவு நிசப்தம். பின்பக்கத்துத் தரை உலர்ந்தே இருந்தது. மாமி சிரித்த சிரிப்பில் என் பட்டத்துக்கு அன்றைக்குத்தான் பட்டமளிப்பு விழா நடந்தது. அதே நேரம் ஆச்சாரியார் கோயிலிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஓய், இதுக்குள்ள தோல் கீல் ஒண்ணும் கிடையாதே?"

புதுசில் இல்லை என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பழசுல இருந்துதுங்க," என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டிவிட்டேன்.

அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார். மாமியின் கை தானாகவே மணிக்கட்டுக்குப் போனது. எனக்கோ, மாமியைத் துவைக்கிற கல்லுக்கு அனுப்பிய பாவி என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் இருந்தது. அவர் நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்: "ஏன்னா, பெருமாள் புறப்பாட்டுக்கு முன்னாடி டமாரம் அடிச்சிண்டு போறாளே, அது என்ன வாழைப்பட்டையிலயா பண்ணியிருக்கு?"

ஆச்சாரியார் மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் கோஷ்டியில் முன்வரிசையில் நிற்கும் அந்தக் கணீர்க் குரலில் சிரித்தார். ஓடட்டும் என்றார். சிரிப்பு அடங்கிய பிறகு, என் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைக் காட்டி, இந்த மசை எதில் பண்ணியது என்று கேட்டார். எனக்குத் தெரியாது, விசாரித்து வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அவசரமாகக் கையை உயர்த்தினார்: "வேண்டாம் ஓய். தெரியாதுங்கறது நல்ல பதில். அதையே வச்சுக்கும்."

வைத்துக்கொள்ள முடியவில்லை, விசாரித்துவிட்டேன். கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, கல்லூரியில் எனக்கு வேதியியல் நடத்திய ஆசிரியரைத் தேடிப் போனேன். அவர் தேடிப் பார்த்துச் சொன்னார்: அந்த வகையை விளக்கெண்ணெயிலிருந்துதான் காய்ச்சுகிறார்களாம். ஆச்சாரியாருக்கு அது போதும். விளக்கெண்ணெய் எந்த மடிக்கும் ஆகாததல்ல. அதன் பிறகு ஒருநாள் சீல் மாற்ற மன்னார்புரத்துக்கும் போக நேர்ந்தது, அதே வீடு. விளக்கெண்ணெய் விஷயத்தை ஓடிப்போய் ஸ்ரீரங்கத்தில் சொல்லி ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ற நான், வெளியே எது சாய்ந்து நின்றாலும் மன்னார்புரத்துக் குளியலறைக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கிறது என்பதை மட்டும் ஆரோக்கியம் அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை.