பெரியப்பாவின் அரியலூர்ச் சிப்பி

1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ராயபுரம் கல்மண்டபத்து வீட்டில் எங்கள் பெரியப்பா அலறிய அலறல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. யாரையும் அதட்டிக்கூடப் பேசத் தெரியாத மனுஷன் அவர்.

பெயர் தேவப்பிரியம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்த குடும்பம். மண்டியில் உட்காரச் சொன்னால், இவர் நிலவியல் படித்துக் காலேஜ் பேராசிரியர் ஆனார். லீவு விட்டால் போதும், சுத்தியலோடு அரியலூருக்கு ரயிலேறிவிடுவார். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அதில் வாழ்ந்த பிராணிகள் கல்லாகிக் கிடக்கின்றனவாம். கல் பொறுக்குகிறவனுக்குச் சம்பளமா என்று மண்டியில் சிரிப்பார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, ஊரார் நகையையும் பாத்திரத்தையும் மூட்டை கட்ட, இவர் கட்டியது அந்தக் கற்களை.

அவற்றில் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட சிப்பி ஒன்று. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம் என்று வருஷக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுரை எழுதினார். சிப்பியை நேரில் பார்க்க வேண்டும் என்று லண்டனிலிருந்து கேட்டிருந்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் அதற்குப் பேர் வைக்கும் உரிமை இவருக்கு.

பெரியம்மா ஞானபாக்கியம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, செத்த பிராணியின் எலும்பு வீட்டில் ஆகாது என்று மல்லுக்கு நின்றார். எலும்பில்லை, வெறும் கிளிஞ்சல் என்று பெரியப்பா சமாளித்துவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காத வீடு எங்கள் ஜனத்தில் கிடையாது. கிளிஞ்சலைக் கொடுத்தால் சுட்டுச் சுண்ணாம்பாகத் திருப்பித் தருவது திருவொற்றியூர்க் காளவாயில் வழக்கம். பெரியப்பா பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தார். பெரியம்மா மூலையில் கிடந்த அந்தக் கிளிஞ்சல் மூட்டைகளை, லண்டன்காரர்கள் கேட்ட சிப்பி உட்பட, வண்டியில் ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்தவர் பளீரென்ற சுவரைப் பார்த்தார். மூட்டை இருந்த மூலையைப் பார்த்தார். அப்புறம்தான் அந்த அலறல்.

காளவாய்க்கு ஓடினோம். சூளை போடும் அப்பாவு சிரித்த முகமாக வந்தான்.

"உங்கூட்டு கிளிஞ்சலு கல்லாட்டம் கெட்டி சார். ஆனா இன்னா வெள்ள! வூட்டுல இன்னும் மூட்ட கீதா?"

 

பொருள் கையில் இல்லாமல் உரிமை கொண்டாடக்கூடாது என்று கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். ரிடையராகும்வரை வேறெதற்கும் பேர் வைக்கவில்லை. பெரியம்மாவை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பெரியம்மாவுக்கும் மனசு ஆறியிருக்கும்.

பொறுக்கமாட்டாமல் பெரியம்மா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அதுக்கு என்ன பேரு வைக்க நெனச்சிருந்திய?"

வெறும் கிளிஞ்சல் என்று அன்றைக்குச் சொன்னதுபோல் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு முடியவில்லை.

"ஒம் பேருதான்" என்றார்.

அதன்பின் பெரியம்மா அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.