குளிர்காற்று போகும் பக்கம்

மார்கழியில் ஓசூரை ஒட்டிய எங்கள் மத்திகிரி விடிவதே இல்லை. மெல்ல வெளுத்துக்கொண்டு கிடக்கும். கம்பெனி பஸ் கண்ணுக்குத் தெரியாது, அதன் விளக்குகள் மட்டும் பனிக்குள் மிதந்து வரும். அந்த அரைத்தூக்கத்தில் வாஷ் ஏரியாவிலிருந்து ஹீட் பம்ப்பின் ‘உம்ம்ம்’ கேட்டால்தான் எனக்கு நிம்மதி. வெந்நீர் தயாராகிறது, இன்னும் கொஞ்சம் புரண்டு படுக்கலாம் என்று அர்த்தம். போன மார்கழியில் ஒருநாள் அந்தச் சத்தம் வரவில்லை.

கம்ப்ரஸர் போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார் மெக்கானிக். எனக்குப் பகீரென்றது, அம்மாவை நினைத்து. அப்பா போனபிறகு அவளைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டி வந்திருந்தேன். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. “பொங்கல் கழிஞ்சதும் போயிருதேன்ட்டி. இந்தக் குளிரு எனக்கு ஒத்துக்கிடாது.” துணிப்பையைக்கூட அவள் பிரிக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டில் அவள் தனியாகச் சோறு வடிப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. வெந்நீரும் இல்லையென்றால் நாளைக்கே கிளம்பிவிடுவாளே!

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. கடையில் நுழைந்ததுமே இருப்பதிலேயே பெரிய தொட்டியின் முன்னால் போய் நின்றார்.

“லோடுக்கு மேல மார்ஜின் வெச்சுத்தான் எடுக்கணும். கம்பெனில அப்படித்தான்.”

“நாலு பேர் குளிக்க வாங்கறோமா, கல்யாண மண்டபத்துக்கு வாங்கறோமா?” என்றேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, யார் யார் எப்போது குளிப்பீர்கள் என்று கேட்டார். காலையில் அம்மா, மகள், நான். நைட் ஷிஃப்ட் முடிந்து இவர் வருவதற்குள் தண்ணீர் மறுபடி சூடாகியிருக்கும். ஆக இருநூறு லிட்டர் தாராளம். அதில் இரண்டு வகை. தொட்டியும் மெஷினும் ஒன்றாக இருப்பது. மெஷினைத் தனியே வெளியில் மாட்டுவது. “ஒண்ணா இருக்கறதே போதுங்க. பழைய இடத்துலயே உக்காந்துக்கும், செவுத்த உடைக்க வேணாம்” என்றார் இவர். நானும் தலையாட்டினேன். நாளைக்கு வந்து பணம் கட்டுவதாகச் சொல்லி வந்தோம்.

அதுவரை அடுப்பில்தான் வெந்நீர். சமையலறை முழுக்க ஆவி. மகள் அந்த ஆவிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் தும்மிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் தெளிச்சியாக வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாளா குளிரு விட்டுட்டுல்லாட்டி?”

வெளியே எதிர்வீடே தெரியாத பனி. எனக்கு எரிச்சலாக வந்தது. “உனக்கு மட்டும் தனியா வெயில் அடிக்குதாக்கும்!” என்று சொல்லிவிட்டு, அவளுடைய போர்வையை மடிக்கப் போனேன். அறை உண்மையிலேயே கதகதப்பாக இருந்தது. ஜன்னல் அருகே போனேன். கண்ணாடிப் பட்டை ஜன்னல், எவ்வளவு மூடினாலும் இடுக்கு விடும். இடுக்குக்கு அந்தப் பக்கம் வாஷ் ஏரியா. கை நீட்டினால் தொடும் தூரத்தில், நின்றுபோன ஹீட் பம்ப்பின் மின்விசிறி அம்மாவின் கட்டிலைப் பார்த்தபடி இருந்தது.

அடப் பாவமே! காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மெஷின் அது. சூடு போன காற்றை ஊதித் தள்ளும். எங்கள் எல்லோருக்கும் வெந்நீர் வைக்கையில் தினமும் விடியக்காலையில் அது என் அம்மாவின் மேல்தான் ஊதியிருக்கிறது.

“ஏம்மா சொல்லல?”

“இந்த ஊருக் காத்துன்னு நெனச்சேன். சொன்னா மட்டும் நீ ஓசூர் குளிர நிறுத்திருவியா?”

நேரே இவரிடம் போனேன். “செவுத்த உடைங்க, பைப்ப உடைங்க, எனக்குத் தெரியாது. மெஷின் மொட்டை மாடிக்குப் போகணும்.” இவர் போய் ஜன்னலையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார். “எக்ஸாஸ்ட் காத்து எங்க போகுதுன்னு பாக்காம இருந்துட்டனே, அத்தை” என்று மட்டும் சொன்னார்.

தனி மெஷின் மாடியில் ஓட ஆரம்பித்த அன்று அம்மா மெதுவாகப் படியேறி வந்தாள். விசிறிக்கு முன்னால் கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, இந்தக் காத்து இனி யாரு வீட்டுக்குள்ள போவும்?”

“யார் வீட்டுக்கும் இல்லம்மா. அந்தப் பக்கம் காலி மனைதான்.”

அவள் நம்பவில்லை. கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டி, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

மறுநாள் விடியலில் ‘உம்ம்ம்’ மாடியிலிருந்து மெலிதாகக் கேட்டது. கூடவே வேறொரு சத்தம், பீரோக் கதவின் கிறீச். எழுந்து போய்ப் பார்த்தேன். காலித் துணிப்பை கட்டிலில் கிடந்தது. அம்மா சேலைகளை ஒவ்வொன்றாக பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பையில கெடந்தா கசங்குது” என்றாள், என்னைப் பார்க்காமலே.