ஆட்டுக்கொழுப்பு டப்பா

ஹார்லன் ஸ்டக்கியைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை எண்ணெய்தான். மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது ஒன்று, மற்றதெல்லாம் இன்னொன்று. முதல் வகை டிராக்டருக்கு. கருமருந்து போட்டுச் சுடும் கைத்துப்பாக்கியின் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

"மேய்ஞ்சது, பறந்தது, மரத்துல காய்ச்சது. இந்த மூணு போதும்டா," என்பார். மேய்ந்தது ஆட்டுக்கொழுப்பு, பறந்தது தேன்மெழுகு, காய்த்தது ஆலிவ் எண்ணெய். அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கத்து வெயிலுக்கு மெழுகு கொஞ்சம் கூட, பனிக்குக் கொஞ்சம் குறைய. உருக்கி, பழைய புகையிலை டப்பாக்களில் ஊற்றி ஆறவைப்பார். மூடியில் 'கோடை', 'குளிர்' என்று ஆணியால் கீறியிருக்கும்.

விஸ்கிப் பீப்பாய்க்கு ஓக் பலகை அறுக்கும் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். இடது கையில் ஒன்றரை விரல் அந்த ஆலைக்கே காணிக்கை. ஒரே மகள் கல்யாணமாகி டல்சாவில் இருக்கிறாள். மனைவி நோரீன் இழுத்துக்கொண்டு போனால் சர்ச்சுக்குப் போவார். ஊரில் அவரைப் பெரிய ஆள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, துப்பாக்கிக் கழகத்தின் போட்டி நடக்கும் சுடுகளத்தில், மனுஷன் ராஜா. மற்றவர்கள் ஆறு குண்டுக்கு ஒருமுறை, குண்டு அடைக்கும் உருளையைக் கழற்றி, துணியில் எச்சிலைத் துப்பித் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இவர் இருபத்துநாலு குண்டையும் துடைக்காமல் சுட்டு முடித்து, உருளையை ஒற்றை விரலால் சுழற்றிக் காட்டுவார்.

புதிதாக வந்த எவனாவது டிராக்டர் கிரீஸை உருளையின் அச்சில் தடவிக்கொண்டு வருவான். மருந்துக்கரியும் கிரீஸும் சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும். உருளை நகராது. அவன் திருதிருவென்று விழிப்பான். அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க ஹார்லன் அவனை விடமாட்டார். "ஏன்டா தம்பி, சுட வந்தியா, ரோடு போட வந்தியா?" என்று காப்பி குடிக்கும் இடம்வரை துரத்திக்கொண்டு போவார். கழகத்தில் பாதிப் பேர் இந்த வசவை வாங்கியவர்கள்தான்.

கடைசி இரண்டு வருடத்தில் அவருக்கு முதலில் போனது மூக்கு. டப்பாவை முகர்ந்தே எந்த வருடத்துக் கொழுப்பு என்று சொன்னவருக்கு, அடுப்பில் பன்றி இறைச்சி கருகினாலும் தெரியவில்லை. அப்புறம் பெயர்கள் போயின. அக்டோபரில் அது நடந்தது. ஆறு அறையும் நிரம்பி, சுடத் தயாராகச் சுத்தியல் பின்னுக்கு இழுத்திருந்த துப்பாக்கியோடு, ஏதோ கேட்பதற்காக ஹார்லன் அப்படியே திரும்பினார். குழல்வாய் டுவைட் பெல்லமியின் வயிற்றைத் தாண்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோரீனின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. வந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

டுவைட்தான் போட்டியை நடத்துகிறவன். ஆலையில் ஹார்லனோடு வேலை பார்த்தவன். ஒரு வாரம் கழித்து சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நோரீன், இனிமே நான் அவரைக் களத்துல விட முடியாது. எனக்கு வாய் வரல. நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா ஹார்லன் கேட்கிற ஆளாடா?"

"அப்ப நான் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அது அவருக்குச் செத்துப்போறதுக்குச் சமம்னு உனக்கே தெரியும்."

நோரீனுக்கு நன்றாகவே தெரியும். கொஞ்ச நேரம் மேசைத்துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். "நவம்பர்ல ஒரே ஒரு தடவை விடு. அவர் தோளோட தோளா நில்லு. அதுக்கப்புறம் வராம பார்த்துக்கறது என் பொறுப்பு," என்றாள்.

அவள் மனதில் இருந்தது இதுதான். எழுபத்துநாலாம் வருடம், இத்தாலியில் செய்த அந்தப் பழங்கால நகல் துப்பாக்கியை வாங்கிய நாளிலிருந்து ஹார்லன் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: "இது என்னைக்குச் சுத்தாம நிக்குதோ, அன்னைக்கு நானும் நின்னுடுவேன்." நின்றுபோகட்டும். பழி துப்பாக்கியின்மேல் விழட்டும். மனுஷன் தலைநிமிர்ந்து வீட்டுக்கு வரட்டும்.

அவர் தூங்கிய ஒரு மத்தியானம், டிராக்டர் கிரீஸையும் மெழுகையும் உருக்கி 'குளிர்' டப்பாவில் ஊற்றினாள். நிறம் சரியாகவே வந்தது. வாசனைக்குப் பயமில்லை. பாத்திரத்தை மூன்று முறை தேய்த்துக் கழுவினாள்.

நவம்பர் சனிக்கிழமை குளிர் கொஞ்சம் கடுமைதான். முதல் ஆறும் நன்றாகப் போயின. அடுத்த சுற்றில் மூன்றாவது குண்டுக்குப் பிறகு உருளை இறுகி, சுத்தியல் பின்னுக்கு வரவில்லை. ஹார்லன் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். டுவைட் மெதுவாகத் துப்பாக்கியை வாங்கி, மருந்தைப் பற்றவைக்கும் சின்னத் தொப்பிகளில் மிச்சமிருந்தவற்றை அகற்றினான்.

"அச்சு தேய்ஞ்சுபோச்சு போல, ஹார்லன். அதுக்கும் வயசாச்சுல்ல."

நோரீனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் ஹார்லன் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்து, கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். மூக்கு போயிருந்தது, பெயர்கள் போயிருந்தன. விரல் போகவில்லையே. பாவி நோரீன் அதை யோசிக்கவில்லை.

"இது ஆடு இல்ல," என்றார். மறுபடியும் தேய்த்தார். "இது கிரீஸ்."

சுற்றிப் பார்த்தார். முப்பது வருடமாக அவரிடம் வசவு வாங்கிய அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஒருத்தனாவது "ரோடு போட வந்தியா?" என்று கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோரீன்," என்றார். சின்னக் குரல். "இந்த டப்பாவுல ஊத்தினது நான்தானே?"

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். சொன்னால், ஏன் செய்தாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், அக்டோபரில் நடந்ததை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"ஆமா, ஹார்லன்," என்றாள்.

அவர் தலையாட்டினார். டப்பாவை மூடி மேசையில் வைத்தார். டிரக் பக்கம் போய், யாரும் சொல்லாமலே, ஓட்டுநர் இருக்கையை விட்டுவிட்டு மறுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. மகள் பெயர் போனது. ஆலை போனது. எந்தக் கதவு குளியலறைக்கு என்பது போனது. பாழாய்ப்போன அந்த டப்பா மட்டும் போகவில்லை. தினமும் காலையில், தட்டில் வைத்த பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் ஆறிக்கொண்டிருக்க, அவர் கேட்பார்: "கிரீஸை ஊத்தினது நான்தானே?"

ஜனவரியில் ஒரு நாள் நோரீனால் தாங்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்ல, ஹார்லன். நான்தான் ஊத்தினேன். உனக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் டிராக்டர் கிரீஸை எடுத்து ஊத்தினேன்."

அவர் அந்த மூன்றரை விரல் கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்லவ. எனக்காகப் பொய் சொல்லாத, கண்ணு."

மறுநாள் காலையிலும் கேட்டார். ஆமா என்றாள்.